தன்னைத் தானே தாங்கிக்கொண்ட செங்கல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் யார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கிறுக்கு வேறு யாருக்கும் வரவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, நம் ஆபிஸ் மலரில் நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். கான்கிரீட் எங்கே விரியும், எங்கே உடையும் என்று குளுகுளு அறையில் உட்கார்ந்து திரையில் சிவப்பும் நீலமுமாகப் பார்க்கிறீர்கள். நான் பாடாங் மேஹா ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறாம் வகுப்போடு எழுந்து வந்தவன். எழுபதுகளில் கம்பி கட்டப் போனேன், பிறகு பலகை அடித்தேன், பிறகு ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆனேன். விரிசலைப் பார்த்தால் அதன் வயதைச் சொல்வேன். வெயிலில் வந்ததா, பாரத்தில் வந்ததா, கள்ளத்தனமாகச் சிமெண்டைக் குறைத்ததில் வந்ததா என்று தரையில் நின்றே சொல்வேன். இதில் பெருமை அடித்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மிஸ் சீமையில் இன்ஜினியருக்குப் படித்துவிட்டு ஊர் திரும்பினார். பீடோங் பக்கம் வீடு, கிறிஸ்தவக் குடும்பம், பேச்சு மெதுவாக வரும், முடிவு வேகமாக வரும். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன். சுங்கை பட்டாணியில் ஒரு சீன மருந்துக் கடைக்கு மேலே ஆபிஸ். படி ஏறும்போதே வேர், பட்டை, காய்ந்த பூ எல்லாம் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். அங்கேதான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. தூசி படாமலிருக்க அதன் மேல் ஒரு பூத்துண்டு போட்டிருப்பார். பார்ப்பதற்குத் தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கும்.

மிஸ் செய்த கணக்கை எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த விதத்திலேயே சொல்கிறேன். ஒரு தளத்தைத் தாயக்கட்டம் மாதிரி சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிப்பது. கொஞ்சம் பாரம் ஏற்றுவது. எந்தக் கட்டத்தில் இழுவிசை கான்கிரீட்டின் தாங்கும் சக்தியைத் தாண்டுகிறதோ அந்தக் கட்டம் விரிந்துவிட்டது என்று எழுதிவிடுவது. விரிந்த கட்டம் இனி பழைய மாதிரி உழைக்காது. அதன் வேலை பக்கத்துக் கட்டத்தின் தலையில் விழும். பத்துப் பேர் தூக்குகிற மரத்தில் ஒருவன் கையை எடுத்தால் மற்றவன் தோள் இறங்குமே, அந்தக் கணக்கு. பக்கத்துக் கட்டம் தாங்கினால் சரி. தாங்காவிட்டால் அதுவும் விரியும். எல்லாம் அடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் பாரம். இப்படியே தளம் விழும் வரைக்கும்.

இன்று உங்களுக்கு அது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அன்று மிஸ் கணக்கை ஓட விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய், பூசை முடிந்து, சாப்பிட்டு, திரும்பி வந்தாலும் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருக்கும். கடைசியில் பிரிண்டர் கறகறவென்று தளத்தின் படத்தை அடிக்கும். விரிந்த கட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். உள்ளே கம்பியே இளகிவிட்ட கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. நட்சத்திரம் வந்தால் கவலை. பெருக்கல் குறி வந்தால் ஓட்டம். நான் அதற்குத் தளத்தின் ஜாதகம் என்று பெயர் வைத்தேன். மிஸ்ஸுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் அவரே, "அண்ணே, அந்த ஜாதகத்தை எடுங்க" என்று கேட்டார்.

இப்போது செமிலிங் கதைக்கு வருகிறேன்.

செமிலிங்கில் ஒரு சீன முதலாளி, எங்களுக்கெல்லாம் தவுக்கே, இரண்டு மாடிக் கட்டடம் கட்டியிருந்தார். கீழே கடை, மேலே மண்டபம். மண்டபத்துக்கு முதல் வாடகைக்காரர் சவரிமுத்து அண்ணன். அவரும் பாடாங் மேஹாதான். எனக்கு மூத்தவர். தோட்டத்தை விட்டு வந்து மெர்போக் பக்கம் ஒரு செங்கல் சூளையில் அடுக்கு மண்டோராக இருந்தார். அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். பூசை கோயிலில், விருந்து இந்த மண்டபத்தில்.

அந்த மாடி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். தோட்டத்தில் எங்கள் கல்யாணம் எல்லாம் லயத்து வீடுகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி, காலடியில் சேறோடு நடந்தவை. சவரி அண்ணன் கல்யாணத்தன்று மழையில் தார்ப்பாய் கிழிந்து மணப்பெண் தலையிலேயே தண்ணீர் கொட்டியது. அன்றே மனைவியிடம் சொன்னாராம், நம் பிள்ளைக்கு மாடியில் விருந்து என்று. அதற்காக அவர் செங்கல் தூக்கிய வருடங்களை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கிவிடும், பிறகு ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சு கிடையாது. ஈஸ்டர் வரும்போது மாப்பிள்ளை எந்தக் கடலில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. சுற்றுவட்டாரத்தில் மற்ற மண்டபங்கள் எல்லாம் முன்பே போய்விட்டன.

இந்த நிலையில் தளத்தின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்று யாரோ அனுமதி கொடுக்கிற ஆபிஸில் சொல்லிவிட்டார்கள். இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் விருந்து நடத்தக் கூடாது என்று தாள் வந்தது. தவுக்கே நம் மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

நான் உளியை எடுத்துக்கொண்டு போனேன். பீமுக்கு மேலே தளத்தைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தேன். மேல் கம்பி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. கான்கிரீட் ஊற்றும்போது ஆட்கள் கம்பி மேலேயே நடந்து மிதித்து உள்ளே இறக்கிவிட்டிருந்தார்கள். மேலே இழுத்துப் பிடிக்க வேண்டிய கம்பி நடு வயிற்றில் படுத்துக்கொண்டிருந்தால் அது என்னத்தைப் பிடிக்கும்? மிஸ் அந்த ஆழத்தை அப்படியே கணக்கில் போட்டார். ஜாதகம் வந்தது. பாதி விருந்தாளி வந்ததும் நடுவில் ஒரு வரிசை நட்சத்திரம். முழுக் கூட்டமும் வந்ததும் பீம் ஓரமெல்லாம் பெருக்கல் குறி.

தவுக்கே தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன லா? என் பில்டிங் ஸ்ட்ராங். லோரி ஏத்தலாம். மெஷினுக்கு என்ன தெரியும்? அது வந்து பார்த்திச்சா?"

சவரி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

என் கண்ணுக்கு அந்த விரிசல் சாதுவாகத்தான் தெரிந்தது. நானும் அதைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தாமல், "மிஸ், வாதம் எதுக்கு? பாரம் ஏத்திப் பாத்துடுவோம். தளம் பேசட்டும்" என்றேன்.

மிஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் எதை ஏற்றுவது? வழக்கமாக ஓரம் கட்டித் தண்ணீர் நிரப்புவோம். அது கோடைக்காலம், குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. மணல் என்றால் ஈரத்துக்கு ஒரு எடை, காய்ந்தால் ஒரு எடை. அப்போது சவரி அண்ணன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "கல்லு எதுக்கு இருக்கு? முதலாளிகிட்ட கேட்டு நான் கொண்டாறேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு நானே அடுக்குறேன்."

எல்லாக் கல்லும் ஒரே அச்சு, ஒரே எடை. எண்ணினால் போதும். இதைவிட நல்ல யோசனை உண்டா? நான்தான் முதலில் கை தட்டினேன்.

புதன்கிழமை காலையில் லோரிகள் வந்தன. தளத்துக்கு அடியில், விழுந்தாலும் ஒரு சாணுக்கு மேல் விழாதபடி மரமுட்டுகளை நிறுத்தினேன். நடுவில் டயல் கேஜ், தளம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஊசி காட்டும் கருவி. மிஸ் கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அதனால் மருந்துக்கடை மாடியிலிருந்து கம்ப்யூட்டரை நான் தோளிலும், திரையை அவர் மடியிலும் வைத்துக்கொண்டு வேனில் வந்து இறங்கினோம். மின்சாரமும் காற்றாடியும் இருந்த இடம் எதிரில் இருந்த காப்பிக்கடை ஒன்றுதான். சலவைக்கல் மேசையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர், அதற்குப் பக்கத்தில் காயா ரொட்டி.

செமிலிங்கே அங்கே கூடிவிட்டது. பிரிண்டர் ஒரு வரி அடித்ததும் ஒரு பெரியவர் கழுத்தை நீட்டினார். "மிஸ், அது நம்பர் சொல்லுமா? லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டுச் சொல்லுங்களேன்."

"சொல்லாது ஐயா. எது உடையும்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப என் மருமகன் பேர போட்டுப் பாருங்க."

மிஸ் காப்பியை மூக்கால் குடித்துவிட்டார். அப்படி ஒரு நாள் அது.

மேலே சவரி அண்ணனும் சூளை ஆட்களும் அடுக்கினார்கள். அந்த அடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூளைக்காரனுக்குக் கல்லை வெறுமனே குவிக்கத் தெரியாது. ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், ஒரு இடுக்கின் மேல் இன்னொரு இடுக்கு வராமல், கல்லும் கல்லும் தோளோடு தோள் இறுகி. லோரி குழியில் இறங்கினாலும் சரியக் கூடாது என்பது அவர்களுடைய மானப் பிரச்சினை. அன்று மகள் கல்யாணம் வேறு. ஒரு கல் சற்று வெளியே நீட்டியிருந்தாலும் அண்ணன் எடுத்துத் திருப்பி வைத்தார். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, இடுப்புயரத்துக்கு, கோயில் பீடம் மாதிரி எழும்பிவிட்டது.

நான் கீழே நின்று ஊசியைப் பார்த்து, தெருவுக்குக் குறுக்கே கத்திக்கொண்டிருந்தேன். முதல் சில வரிசைக்கு ஊசி கம்ப்யூட்டர் சொன்னபடியே இறங்கியது. அதன் பிறகு மெல்ல மெல்ல நின்றுவிட்டது. முழுக் கல்யாணக் கூட்டத்தின் பாரமும் ஏறியாயிற்று, ஒரு விரிசல் இல்லை. மிஸ் சொன்ன இடத்தில் விளக்கடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புது விரிசலின் வாடையே இல்லை.

நான் தெருவுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினேன். சவரி அண்ணன் மாடி ஜன்னலிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார். தவுக்கே காப்பிக்கடைக்காரரைப் பார்த்து எல்லா மேசைக்கும் பீர் என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை.

"மிஸ், உங்க கம்ப்யூட்டர் பயந்தாங்கொள்ளி. அதுக்கு ஒரு தாயத்து கட்டுங்க."

மிஸ் சிரித்தார். சான்றிதழ் தாள் எதிரில் இருந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார். அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்த ஸ்டெல்லா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "மிஸ், போடுறதுன்னா போட்டுருங்க. எங்கப்பா ஒரு வாரமா தூங்கல."

"அண்ணே," என்றார் மிஸ் என்னைப் பார்த்து. "முதல்ல ஊசி எப்படிப் போச்சு?"

"நீங்க சொன்ன மாதிரியேதான்."

"அப்புறம்?"

"நின்னுபோச்சு. நல்லதுதானே?"

"பாரம் ஏத்த ஏத்த ஒரு தளம் பலமாகுமா? உங்க சர்வீஸ்ல எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?"

தங்கச்சி, தம்பி, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். கணக்குத் தப்பு என்று சொல்ல எல்லாருக்கும் ஆசையாக இருந்த நேரம் அது. எனக்குத்தான் அதிக ஆசை. அவருடைய கணக்கு தப்பாக இருந்திருந்தால் முதல் வரிசையிலிருந்தே தப்பாக இருந்திருக்கும். ஆரம்பத்தில் ஒத்துப்போய், நடுவில் மனம் மாறியது எது? தளமா, கணக்கா, இல்லை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஏதாவதா?

பீர் கிளாஸை வைத்துவிட்டு மேலே போனேன். அடுக்கின் பக்கவாட்டில், சரியாக நடுவில் குனிந்தேன். அடி வரிசைக் கல் ஒன்றை விரலால் தொட்டேன். ஆடியது. அத்தனை கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடக்க வேண்டிய கல். இழுத்தேன். மேசை இழுப்பறை மாதிரி கையோடு வந்துவிட்டது. பக்கத்துக் கல்லை இழுத்தேன். அதுவும் வந்தது. ஆறேழு கல்லை உருவி ஒரு கோழி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டேன். மேலே ஒரு பொடி உதிரவில்லை.

சவரி அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை. "பாத்தியா தம்பி? இதான் என் அடுக்கு. அடியில உருவினாலும் அசையாது. அது தன்னைத் தானே..."

சொல்லி முடிக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

கல்லும் கல்லும் இறுகிக் கைகோத்து, ஒரு பாலம் மாதிரி இந்தப் பக்கத்து பீமிலிருந்து அந்தப் பக்கத்து பீமுக்குத் தாவி நின்றுகொண்டிருந்தன. தளம் கொஞ்சம் இறங்கியதும் கல் அதனோடு இறங்காமல் தன் பாரத்தைத் தானே ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நடுத்தளத்தின் மேல் பாரமே இல்லை. வேறு எந்த ஊர்க்காரன் அடுக்கியிருந்தாலும் கோணலாகக் குவித்து, உண்மை முதல் நாளே வெளியே வந்திருக்கும். மெர்போக் சூளைக்காரர்கள் கை சுத்தத்தில் அது ஒளிந்துகொண்டது. நான் முப்பது கட்டடத்துக்குப் பாரம் ஏற்றிப் பார்த்தவன், எல்லாம் தண்ணீரில். தண்ணீருக்குக் கைகோக்கத் தெரியாது.

தவுக்கேயும் மேலே வந்துவிட்டார். ஓட்டையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கல்லைத் திருப்பி வை லா. மிஸ் கீழே இருக்கு. கல்யாணம் ஒரு நாள்தான். அப்புறம் நான் ரிப்பேர் பண்றேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அது என் மகள் கல்யாணம் இல்லை. சவரி அண்ணன் அந்த அடுக்கின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். மேலே நாற்காலி எங்கே, மேடை எங்கே, பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று அவர் மனத்துக்குள் எத்தனை தடவை வைத்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"என் சனமெல்லாம் இதும்மேல வந்து நிக்கும் தவுக்கே," என்றார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "பிரிங்கடா."

மறுநாள் மறுபடியும் அடுக்கினோம். இந்த முறை தனித்தனித் தூணாக, ஒரு தூணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி விட்டு. யாரும் யாரையும் தொடக் கூடாது. சூளை ஆட்களுக்கு அது பெரிய அவமானம். "இப்படி அடுக்குனோம்னு வெளிய தெரிஞ்சா எங்கள வேலைய விட்டே தூக்கிருவாங்க மண்டோரே" என்று ஒருவர் முனகினார். "யார் கேட்டாலும் இன்ஜினியர் அடுக்குனதுன்னு சொல்லிருங்க" என்றேன். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

காப்பிக்கடையில் முந்தின நாளைவிடக் கூட்டம். மிஸ் கம்ப்யூட்டரை ஒரு படி முன்னால் ஓட விட்டு, அடுத்து எந்தக் கட்டம் விரியும் என்று தாளைத் தூக்கிக் காட்டுவார். நான் சாரத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியோடு நிற்பேன். இந்த முறை ஊசி நிற்கவில்லை. பாதி பாரம் ஏறியதும் அந்த வரிசை வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெற்றுக் கான்கிரீட்டில், சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு ஓடியது. கட்டியால் அதன் கூடவே கோடு இழுத்தேன். மிஸ் காட்டிய தாளும் என் கோடும் ஒன்றாகவே இருந்தன.

"நட்சத்திரம் வந்திருச்சு மிஸ்" என்று கத்தினேன்.

எதிரில் கைதட்டல். அடுத்தது ஜன்னல் பக்கமா, படிப்பக்கமா என்று பெரியவர்கள் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னல் பக்கம் வந்தது. மறுபடியும் கைதட்டல். ஒரு தளம் உடைவதைப் பார்த்து ஊர் இப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கும் பயத்தில் வருகிற சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. மேலே சவரி அண்ணன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் பாரம். நான் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். மேலே யாரும் கல் வைக்கவில்லை, யாரும் நடக்கவில்லை. ஆனால் ஊசி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. எதிரில் மிஸ் எழுந்து நின்று தாளைத் தலைக்கு மேல் தூக்கினார். தூரத்திலிருந்தே தெரிந்தது, பீம் ஓரமெல்லாம் பெருக்கல் குறி.

பாரத்தை இறக்க வேண்டும். அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை. விஷயம் புரிந்ததும் காப்பிக்கடையில் இருந்த அண்ணனுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உதவி செய்ய எழுந்து மாடிப்படிக்கு ஓடி வந்தார்கள். நல்ல மனசு. ஆளுக்கு ஒரு கல் எடுத்தால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணம். ஒவ்வொருவரும் எத்தனை கல் எடை என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஓடாதீர்கள், விழும் என்று நான் கத்தியிருந்தால், மேலே இருந்த சவரி அண்ணனைக் காப்பாற்றத்தான் இன்னும் வேகமாக ஏறியிருப்பார்கள்.

நான் படியில் குறுக்கே நின்று, முகத்தைச் சாவகாசமாக வைத்துக்கொண்டேன். "என்ன எல்லாரும் இங்க வர்றீங்க? அங்க தவுக்கே கோழிக்கறியும் பீரும் சொல்லியிருக்காரு. இருக்கிற வரைக்கும்தான்."

படி காலியான வேகத்தை இன்று எந்தத் தீயணைப்புப் பயிற்சியிலும் பார்க்க முடியாது. தவுக்கே என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பையைத் தடவிக்கொண்டே காப்பிக்கடைக்குப் போனார். அந்த மனிதரிடம் அந்தப் பெருந்தன்மையும் இருந்தது.

பிறகு நானும் அண்ணனும் அவருடைய இரண்டு ஆட்களும் மட்டும், காலணியைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்து, நடுவிலிருந்து ஆரம்பித்துக் கல்லை எடுத்தோம். கல்லைப் போடக் கூடாது, வைக்கக் கூடாது, கையோடு கையாகப் படிக்கு வெளியே கடத்த வேண்டும். ஒருவர் தும்மப் போனார். மற்ற மூன்று பேரும் அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தும்மல் வராமல் போனதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தம் போடாமல் வயிறு குலுங்கிச் சிரித்தோம். சவரி அண்ணனும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

எல்லாம் இறங்கிய பிறகு மிஸ் சான்றிதழ் தாளில் விருந்துக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது பேனா தயங்கவில்லை. சவரி அண்ணன் காப்பிக்கடை வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் செம்புழுதி. ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் மாடின்னு சொல்லிட்டேன்மா."

"நான் என்ன மாடியிலயாப்பா குடும்பம் நடத்தப் போறேன்? அவரு கப்பல்ல இருப்பாரு, நான் அம்மா வீட்டுல இருப்பேன்." அவர் கையிலிருந்த புழுதியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். "கீழ வச்சா பாட்டிமாருங்க படி ஏற வேணாம். அதுங்க எல்லாரும் இப்பவே முட்டி வலின்னு பொலம்புதுங்க."

மண்டபத்துக்குப் பக்கத்தில் தவுக்கேயின் காலி நிலம் இருந்தது. கோடையில் இறுகிப் பாறையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஊரே சேர்ந்து தார்ப்பாய் கட்டியது. தவுக்கே தன் கடையிலிருந்து விளக்குச் சரம் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே, தானே ஏணியில் ஏறிக் கட்டினார். அடுத்த மழைக்கு முன்பே அந்த மாடிக்கு இரண்டு புது பீம் கொடுத்தோம். அது இன்றும் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் விருந்து. நானும் மிஸ்ஸும் போயிருந்தோம். பேண்ட் வந்தது, சாப்பாடு வந்தது, கேக் வெட்டினார்கள். பிறகு பேண்ட்காரன் ஜோகெட் ஆட்டத்துக்கான தாளத்தைப் பிடித்தான். அதுவரைக்கும் பரவலாக உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நின்ற ஒரே மூலைக்குப் பாய்ந்தது. கிழவிகள் முதற்கொண்டு. நாற்காலியை ஒதுக்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, எல்லாரும் ஒன்றாக எழும்பி ஒன்றாகக் குதித்தார்கள். தாளம் வேகமாக, அவர்களும் வேகமாக. என் கையிலிருந்த கிளாஸில் ஆரஞ்சுத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

மிஸ் பிரியாணித் தட்டோடு நின்றவர், வாய்க்குப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டார். கண் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எல்லாரும் பரவலா நிப்பாங்கன்னுதானே போட்டேன். இதை நான் கணக்குல போடவே இல்ல."

நான் கூட்டத்தைப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த மாடியைப் பார்த்தேன். முக்கால் பாரத்தில், யாரும் தும்மாமல், நகர்ந்த அந்த ஊசியை நினைத்தேன். இந்தக் குதி அங்கே நடந்திருந்தால்? மிஸ்ஸும் அதையேதான் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த நொடி இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்த முடியவில்லை. அவர் தட்டு சாய்ந்து முட்டை உருண்டு போனது, அதற்கும் சிரித்தோம்.

சவரி அண்ணன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வியர்வை சொட்ட, கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்தார். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தார், மறு கையை மிஸ்ஸிடம் நீட்டினார்.

"என்ன நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க? வாங்க மிஸ்," என்றார், காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்து. "இது தாங்கும்."